திமிர்வாதக்காரனும் நாலு பேரும்



"பாஸ்டர், திமிர்வாதம்னா என்ன வியாதி?" என்று வாலிபர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வேதத்தில் வாசிக்கிறோம், டாக்டர் சீட்டில் அந்த வார்த்தையைப் பார்ப்பதில்லை.

திமிர் என்றால் உணர்வற்று மரத்துப்போவது. நம் நாட்டு வைத்தியம் சொல்லும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் வாதம் காற்றைக் குறிக்கும். பக்கவாதம், முகவாதம், இளம்பிள்ளை வாதம் எல்லாம் அப்படி வந்த பேர்கள்தான்.

மாற்கு 2-ம் அதிகாரத்தில் உள்ள கிரேக்க வார்த்தை 'பாராலுட்டிகோஸ்'. அதன் வேருக்கு அவிழ்வது, தளர்வது என்று அர்த்தம். கயிறு அவிழ்ந்த கூடாரம்போல் தளர்ந்து கிடக்கிறவன்! அதே வேரிலிருந்து 'பாராலிசிஸ்' வந்தது. 'பால்சி' என்ற பழைய ஆங்கில வார்த்தையும் வந்தது. 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் பால்சிதான். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 'நடுங்கும் பால்சி' என்று எழுதிய வியாதியை இன்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

பிரியமானவர்களே, வார்த்தை பழசாகிவிட்டது. அதிலுள்ள காற்று மட்டும் நம்மை விடவில்லை! ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சு குழறினால், "காத்து அடிச்சிடுச்சு" என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கிறோம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"ஜெபிச்சா போதாதா பாஸ்டர்?" என்பீர்கள். கப்பர்நகூமின் அந்த நாலு பேரைப் பாருங்கள். விசுவாசம் இருந்தது, அதனால்தான் தூக்கினார்கள். வாசலில் கூட்டம். "கலையட்டும், பார்க்கலாம்" என்று உட்காரவில்லை. கூரையையே பிரித்தார்கள்! இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. ஆகவே ஜெபித்துக்கொண்டே தூக்குங்கள்.

"செத்தா தூக்க நாலு பேர் வேணும்" என்பார்கள் ஊரில். உயிரோடிருக்கும்போதே தூக்க நாலு பேர் வேண்டாமா? பக்கவாதத்தில் படுத்திருக்கிறவர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவருக்குக் கை மரத்திருக்கிறது. பார்த்தும் பார்க்காமல் போகிற நமக்கோ இருதயம் மரத்திருக்கிறது. இந்த வாரமே போங்கள். தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபியுங்கள். பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு ஆராதனைக்கு நாற்காலியோடு தூக்கி வாருங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருப்பேன்.

கர்த்தர் தாமே நம் மரத்துப்போன இருதயங்களைத் தொடுவாராக! ஆமென், அல்லேலூயா!