வந்தவரும் ஓடிவந்தவரும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்பதால் தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. கி.ரா. 1976இல் எழுதிய 'கோபல்ல கிராமம்' என்னும் நாவல், தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த ஒரு கூட்டம் இந்தக் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதையைச் சொல்கிறது. ஓடிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் மானாவாரி நிலங்களில் கம்பும் பருத்தியும் உளுந்தும் விதைத்து வாழ்கிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழுமாக அவர்கள் வாழ்க்கை நடக்கிறது. அவர்களை அகதிகள் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் ஊர்.

அயலிலிருந்து வந்த ஒருவர் எந்த நாளில் ஊர்க்காரர் ஆகிறார்? நிலம் கிடைத்த நாளிலா, மொழி கலந்த நாளிலா, அல்லது அவர் வந்தவர் என்பதை ஊர் மறந்துபோன நாளிலா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு வெள்ளையடிப்பு வேலை.

சென்ற ஆண்டு வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூச ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் குடியிருப்பவர். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கூட்டுறவு நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரோரம் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "எந்தத் தோட்டம், தம்பி?"

பேச்சின் சாயல் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "அட்டன் பக்கமுங்க ஐயா. ஆனா நான் பொறந்தது வவுனியாவுல. எழுபத்தேழு கலவரத்துல அப்பா ஆளுங்க மலையை விட்டு எறங்கிட்டாங்க. தொண்ணூறுல படகுல இங்க வந்தோம்."

"நானும் அட்டன் பக்கந்தான். எழுபத்து மூணுல கப்பலேறினேன். தாத்தாவுக்கு எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் பக்கம்னு அப்பா சொல்லுவாரு. ஊர்ப்பேரு தெரியாது."

"எங்களுக்கும் அந்தப் பக்கந்தான்," என்றார் பெரியவர்.

அதன்பின் 'ஐயா' என்னும் விளி 'பெரியப்பா' என்று மாறிற்று. மாலையில் வேலையை முடித்துக்கொண்டு புறப்படும்போது, மறுநாள் வர இயலாது என்றார் வண்ணம் பூசுபவர். முகாமில் பெயர் கூப்பிட்டுத் தணிக்கை செய்யும் நாளாம். அவர்கள் வழக்கில் 'செக்கிங்'. பெரியவர் வியப்போடு பார்த்தார். அவருக்கு அப்படியொரு நாள் இருந்ததில்லை. "நீங்க வந்தவரு, பெரியப்பா. நாங்க ஓடிவந்தவங்க," என்று சொல்லிவிட்டு அவர் மிதிவண்டியை எடுத்தார்.

ஒரே மண்ணிலிருந்து போன இரு தாத்தாக்கள். ஒரே மலையில் வியர்வை சிந்திய இரு குடும்பங்கள். ஒருவர் குடிமகன், மற்றவர் அகதி. இருவரையும் பிரித்தது எது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஏழை மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் வேறு வழி கிடையாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் போன்ற காலங்களில் ஊர் ஊராகவே மக்கள் கிளம்பினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் அந்தப் பாதை இன்னும் அகன்றது. காடாக இருந்த மலைகளை அவர்கள் தோட்டமாக்கினார்கள். இடைசெவல் பக்கம் வந்தவர்கள் கரிசல் காட்டைத் திருத்தியதற்கும் இதற்கும் உழைப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் இங்கே காட்டைத் திருத்தியவருக்குக் காடு சொந்தமாயிற்று. அங்கே மலையைத் திருத்தியவருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது போல மனிதர்களை எண்ணிய கணக்கு அது. எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அன்று.

அந்தக் கணக்கின்படி வந்தவர்தாம் நம் பெரியவர். கையில் இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை. 1984இல் கப்பல் போக்குவரத்து நிற்பதற்குள் அவரைப்போல வந்தவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். இவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நூற்பாலைகளில் வேலை ஒதுக்கப்பட்டது. தாள் அளவில் ஒரு குறையும் இல்லை.

வாழ்வு தாளின்படி நடக்கவில்லை. கொழுந்து பறித்தலன்றி வேறு தொழில் அறியாத பலருக்குச் சிறுவணிகக் கடன் கொடுக்கப்பட்டது. கடன் பணம் இடைத்தரகர் கைகளில் கரைந்தது. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டப் போனவர்களில் சிலர் கொத்தடிமைகளாகச் சிக்கினர். தாத்தாவின் ஊரைத் தேடிப்போனவர்களை அங்கிருந்த உறவினர் பங்கு கேட்க வந்தவர்களாகப் பார்த்தனர். இலங்கையில் 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவர் இங்கே 'சிலோன்காரன்' ஆனார். பெரியவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஓட்டுப்போட பத்தே மாசத்துல பேரு வந்திருச்சு. வாடகைக்கு வீடு கிடைக்கத்தான் நாலு வருசமாச்சு." உரிமை அவரை வரவேற்றது, ஊர் வரவேற்கவில்லை.

ஓடிவந்தவர்களின் கதை இதன் மறுபக்கம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் படகுகளில் வந்தவர்களைக் கண்டு தமிழகமே கண்ணீர் விட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், வீடுவீடாகத் துணியும் அரிசியும் திரண்டன. 1990, 1996, 2006 என அலை அலையாக வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் அந்தக் கண்ணீரில் ஐயம் கலந்தது. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. ஆயினும் உதவி முற்றிலும் நிற்கவில்லை. உதவித்தொகை, மலிவு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆகியவை தொடர்ந்தன. 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் ஆயிற்று. அந்த ஆண்டுக் கணக்கில் 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேர் இருந்தனர். எட்டயபுரத்துக்கு அருகே தாப்பாத்தியிலும் அப்படியொரு முகாம் உண்டு.

இவர்களுக்குக் கிடைக்காதது அந்தத் தாள். கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்தவர்கள் என்பதால் சட்டத்தின் பார்வையில் இவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் குடிபுகுந்தவர்கள். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாக வேண்டும். ஆகவே முகாமில் பிறந்து, இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாத பிள்ளைகளும் அயல்நாட்டவர்களே. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோரை எண்ணியது. அவற்றுள் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு தளர்வு வந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

இவ்வேறுபாடு வாழ்வில் எப்படித் தெரிகிறது? பெரியவர் வந்த புதிதில் நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விழுங்கினார். ஆனால் கடன் வாங்கி இரண்டு சென்ட் மனை வாங்க முடிந்தது. அவர் பேத்தி இன்று அரசுப் பள்ளியில் ஆசிரியை. வண்ணம் பூசுபவர் உழைப்பில் அவருக்குக் குறைந்தவர் அல்லர், நாட்கூலியும் மோசமில்லை. அவர் மகள் வணிகவியல் பட்டம் பெற்றவள். அரசுத் தேர்வுக்கான விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்துக்கு வரும்போது அவள் பேனா நின்றுவிடுகிறது. ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். வறுமையில் இருவரும் ஒரே இடத்தில்தான் தொடங்கினார்கள். பேத்திக்கு ஏற ஏணி இருந்தது, மகளுக்கு இல்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழக்கூடும். 2009இல் போர் முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே? இலங்கையும் 2003இல் சட்டமியற்றி, எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை அளித்ததே? மேலும் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் ஒரு நாடு நாடாக இருக்க முடியுமா? இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. எல்லையைக் காப்பது அரசின் கடமை. திரும்பிப்போக விரும்புவோரும் முகாம்களில் இருக்கிறார்கள். நிலமும் உறவும் அங்கே இருப்பவருக்குத் திரும்புதலே நீதி. ஆனால் தாத்தா சங்கரன்கோவில் பக்கம், தந்தை அட்டன், தான் வவுனியா, மகள் கோவில்பட்டி என்று ஆகிவிட்ட ஒருவர் எங்கே திரும்புவார்? முப்பத்தைந்து ஆண்டு இங்கே வாழ்ந்தவரைப் பார்த்து 'உன் ஊருக்குப் போ' என்பதில், அவருக்கு இன்னும் ஓர் ஊர் இருக்கிறது என்ற கற்பனை ஒளிந்திருக்கிறது. புதிதாக யாரை உள்ளே விடுவது என்பது ஒரு கேள்வி. உள்ளே வந்து ஒரு தலைமுறை கழிந்தவரை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிப்போடுவது நேர்மை ஆகாது.

தமிழர்க்கு விருந்தோம்பல் பெருமைக்குரிய அறம். ஆயினும் விருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. விருந்தினர் வீட்டில் எதையும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்ததை உண்கிறார். சில நாளுக்கு அது இனிமை. நாற்பது ஆண்டு ஒருவரை விருந்தினராகவே வைத்திருந்தால், அவரைக் குடும்பத்தில் சேர்க்க நமக்கு மனமில்லை என்று பொருள்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். அதன்பின் அவர் அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்து, செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போகிறார். சாவடி எதற்கு? அடிபட்டவர் தேறி, தம் காலால் நடந்து வெளியேறுவதற்கு. அவர் ஆயுள் முழுதும் அங்கேயே கிடந்தால், சாவடிக்காரர் எத்தனை அன்போடு சோறு போட்டாலும் உவமை முடிவு பெறாது.

2018ஆம் ஆண்டின் உலகப் புலம்பெயர்ந்தோர் நாளுக்கான செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு செயல்களை முன்வைத்தார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒன்றிணைத்தல். நம்மிடம் வந்த இரு மக்களையும் இந்நான்கால் அளந்து பார்ப்போம். ஓடிவந்தவர்களை வரவேற்றோம், பாதுகாத்தோம், ஓரளவு மேம்படுத்தினோம்; நான்காவதற்கு முன் நின்றுவிட்டோம். கப்பலில் வந்தவர்களைச் சட்டத்தில் ஒன்றிணைத்தோம். முதற்செயலான வரவேற்றலைச் செய்ய மறந்தோம். நான்காவதைச் செய்ய வேண்டியது பெரும்பாலும் அரசு. முதலாவதைச் செய்ய வேண்டியவர்கள் வாடகைக்கு வீடு விடும் நாமும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாமும், பக்கத்து இருக்கையில் திருப்பலி காணும் நாமுமே. அரசு செய்யாததைக் குறைகூறும் நாம், அரசு தடுக்காததையும் செய்யாமல் விட்டிருக்கிறோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணிமணியோடு முகாமுக்குப் போகிறோம், நல்ல செயல். அங்குள்ள பட்டதாரிப் பெண்ணுக்கு நம் நிறுவனத்தில் வேலை இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? குடியுரிமைக்காக அவர்கள் தரும் மனுவில் சாட்சியாகக் கையொப்பமிட எத்தனை பேர் முன்வருவோம்? கொடுப்பதில் நமக்கொரு நிறைவு உண்டு. கொடுப்பவர் மேலே இருக்கிறார். சமமாக நிற்க இடம் விடும்போது அந்த நிறைவு கிடைப்பதில்லை. நீதி, தருமத்தைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

'செக்கிங்' முடிந்த மறுநாள் அவர் வந்து மீதிச் சுவரைப் பூசி முடித்தார். பெரியவர் வீட்டிலிருந்து இரண்டு குவளைகளில் சாயம் வந்தது. மலையகத்தில் பாலில்லாத் தேநீரை அப்படித்தான் சொல்வார்களாம். இருவரும் திண்ணையில் அமர்ந்து குடித்தார்கள். அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு வா, எங்கள் பேத்தியிடம் பேசட்டும் என்றார் பெரியவர். வந்தவர், ஓடிவந்தவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஊர்க்காரனாகிய நான் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அழைப்பு என் வாயிலிருந்தும் வந்திருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.