மூன்று நாள் அனுமதி

 

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் நான்கு பாஸ்போர்ட்டுகள். அவருடையது ஒன்று, மனைவியுடையது ஒன்று, பச்சிளம் மக்களுடையவை இரண்டு. நான்கிலும் தங்கும் அனுமதி முடிய இன்னும் பதினொரு நாட்களே இருந்தன. முதலாளி மூன்று மாதமாக, “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சொல்லி வந்திருக்கிறார். இவரும் வற்புறுத்திக் கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டார். “ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்” என்றார். துஆச் செய்தோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஏழு வயது மூத்த மகனின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தாயும் பிள்ளைகளும் ஊருக்கு விமானம் ஏறினார்கள். தந்தை மட்டும் இங்கே தனியே நின்றார்.

இதை அல்லாஹ்வின் விதி என்கிறோம். உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டும்படி அண்ணலார் (ஸல்) போதித்தார்களே, அந்தக் கயிற்றை நாம் கட்டினோமா?

“ஹஜ்ரத் ஏன் பாஸ், பெர்மிட் என்று பேசுகிறார்? அது துன்யாவின் காரியம் அல்லவா?” என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு சரித்திரத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் உம்ராவுக்காக மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். குறைஷிகள் வழிமறித்தார்கள். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அந்தத் தாளில் “அல்லாஹ்வின் தூதர்” என்ற சொல் இருக்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு அடம் பிடித்தது. தோழர்கள் கொதித்தார்கள். அண்ணலாரோ அந்தச் சொல்லை அழிக்கச் சம்மதித்தார்கள். அவ்வாண்டு திரும்பிப் போய்விட வேண்டும்; மறு ஆண்டு வரலாம்; வந்தால் மூன்று நாட்கள் மட்டுமே தங்கலாம். இதுவே நிபந்தனை.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 7-இல் (கி.பி. 629), நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவினுள் பிரவேசித்தார்கள். சிந்தியுங்கள் சகோதரர்களே! அது அவர்கள் பிறந்த ஊர். தவழ்ந்த மண். கஃபா இருக்கும் நகரம். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது மூன்று நாள் அனுமதி! தவணை முடிந்ததும் குறைஷிகள் அலி (ரலி) அவர்களிடம் வந்து, கெடு கடந்துவிட்டது, உங்கள் தோழரைப் புறப்படச் சொல்லுங்கள் என்றனர். அப்போதுதான் மைமூனா (ரலி) அவர்களைத் திருமணம் முடித்திருந்த அண்ணலார், ஒரு விருந்து நடத்திவிட்டுப் போவதாகக் கூறியதையும் அவர்கள் ஏற்கவில்லை என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். உடன் வந்த தோழர் கூட்டமோ பெரியது. “போக மாட்டோம்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் சொல்லவில்லை. புறப்பட்டார்கள். வலீமா விருந்து கூட அந்த நகரத்தில் நடக்கவில்லை.

உலகத்தின் அருட்கொடையாக வந்தவர்களே தவணைக்குக் கட்டுப்பட்டார்கள் என்றால், பிறர் நாட்டில் பிழைக்க வந்த நாம் எம்மாத்திரம்? குடிநுழைவு இலாகா நமக்குத் தரும் பாஸும் ஓர் உடன்படிக்கையே. இன்ன வேலைக்கு, இன்ன நாள் வரை, இந்நாட்டுச் சட்டத்தை மதித்து இருப்பேன் என்று நாம் ஒப்புக்கொண்டு வருகிறோம். அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு அன்றோ?

திருமறையில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதுவதில் சோம்பல் காட்டலாகாது என்று அல்லாஹ் அதில் எச்சரிக்கிறான். அங்கே குறிப்பிட்ட தவணைக்கு வரும் சொல் ‘அஜலின் முஸம்மா’. இதே சொல்லைத்தான் அஸ்ஸுமர் அத்தியாயத்தில் மனிதனின் ஆயுளுக்கும் அல்லாஹ் ஆளுகிறான். பாஸுக்கும் தவணை உண்டு. நமக்கும் தவணை உண்டு. பாஸைப் புதுப்பிக்கலாம். ஆயுளைப் புதுப்பிக்க முடியாது. சிறு தவணையை நினைவில் வைக்கத் தெரியாதவன் பெருந்தவணைக்கு எப்படித் தயாராவான்?

இந்தப் பினாங்கில் நம் முன்னோரின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. காதர் முகைதீன் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவருக்குப் பெர்மிட் என்ற பேச்சே இல்லை. பின்னாளில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி இங்கே இறங்கிய சபுராளிகளும் பல்லாண்டு அப்படியே வந்து போனார்கள். 1953-இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1968-இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டும் என்றது. அதற்குள் இங்கே முப்பது நாற்பது ஆண்டு உழைத்துத் தலை நரைத்தவர்கள், குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்டவர்கள், எத்தனை பேர்! பெர்மிட் கிடைக்காமல் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்ற ஒரு சொல், வாழ்நாள் உழைப்பையே கரைத்துவிடும் என்பதற்கு அந்தத் தலைமுறையே சாட்சி.

இனி, குடும்பத்தோடு இருக்கும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். வேலைப் பாஸ் உடையவரின் மனைவி மக்களுக்குக் கிடைக்கும் குடும்பப் பாஸ், அவருடைய பாஸைப் பிடித்துத்தான் நிற்கிறது. மரம் சாய்ந்தால் கிளையும் சாயும். பாஸ்போர்ட்டில் மீதமிருக்கும் காலத்தை மீறியும் பாஸ் கிடைக்காது. ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்தாண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுதான். தம்முடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையுடையதை மறந்து தவித்தவர்களை நாம் அறிவோம்.

இங்கே குழந்தை பிறந்தால், அகீகாவுக்கு ஆடு தேடும் அவசரத்தில் பதிவை மறந்துவிடாதீர்கள். இம்மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் பிள்ளை இந்நாட்டுக் குடியாகிவிடாது. பிறப்பை இங்குள்ள பதிவு இலாகாவில் உரிய நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெற்றோர் இந்தியக் குடிகளானால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியக் குடியுரிமைச் சட்டம். இரண்டையும் தவறவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் அபாயம் உண்டு. எல்லாத் தாள்களிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். முஹம்மது ஒரு தாளில் ஒரு விதமாகவும், மறு தாளில் வேறு விதமாகவும் இருந்தால் அலைச்சல் நமக்கே. ஓர் எழுத்துக்காகக் கவுண்டரில் திருப்பி அனுப்பினால் கோபம் கொள்ளாதீர்கள். ஹுதைபிய்யாவில் அழிக்கப்பட்ட சொல்லை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிமார்களே! உங்களில் பலர் சபுராளியின் பிள்ளைகள், பேரர்கள். தொழிலாளியின் பாஸைப் புதுப்பிக்க மனுச் செய்யும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. அது அமானிதம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலைப் பெர்மிட்டில் வருபவருக்குக் குடும்பத்தை அழைத்துவரவும் அனுமதி இல்லை. மனைவி மக்களைப் பிரிந்து உங்கள் கடையில் சோறு பரிமாறுகிறார் அவர். 2018 முதல் லெவியை முதலாளியே கட்ட வேண்டும் என்பது விதி. அதைச் சம்பளத்தில் பிடிப்பது ஹலாலாகுமா? அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி உங்கள் பெட்டியில் பூட்டி வைப்பதை 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் குற்றம் என்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், தவணை முடியும் வரை ஒரு குடும்பத்தைத் தவிக்க விடுவதற்கு இடம் ஏது?

சரித்திரத்தின் மிச்சத்தையும் கேளுங்கள். அண்ணலார் தவணை முடிந்து மக்காவை விட்டு நடந்தபோது, பின்னாலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள், “சாச்சா, சாச்சா” என்று கூப்பிடும் பாவனையில் அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அலி (ரலி) அவர்கள் அவள் கையைப் பிடித்து ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் அவளை யார் வளர்ப்பது என்று மூவர் வழக்காடினார்கள். அலி (ரலி), ஜஅஃபர் (ரலி), ஸைத் (ரலி) ஆகிய மூவரும், “எனக்கே உரிமை, எனக்கே உரிமை” என்று நின்றார்கள். பெருமானார் அவளை ஜஅஃபர் (ரலி) வீட்டுக்குக் கொடுத்தார்கள். அவர் மனைவி அஸ்மா (ரலி), அக்குழந்தையின் தாயின் உடன்பிறந்தவர். தாயின் சகோதரி தாயின் ஸ்தானத்தில் இருப்பவள் என்று தீர்ப்பளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள சம்பவம் இது.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு தெரியுமா? பல்லாண்டு காலம் அபிசீனியாவில் அந்நிய அரசரின் அனுமதியில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அதே ஹிஜ்ரி 7-இல்தான் மதீனாவுக்குத் திரும்பிய வீடு. அயல் மண்ணில் பிள்ளை வளர்க்கும் கஷ்டம் அஸ்மா (ரலி) அவர்களுக்குத் தெரியும். “ஹிஜ்ரத்தில் நாங்களே முந்தியவர்கள்” என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பேசியபோது மனம் வெதும்பி நாயகத்திடம் முறையிட்டவர் அவர். கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் சிறப்பு உண்டு என்று அண்ணலார் ஆறுதல் அருளினார்கள். தூர தேசத்தில் தனியே அடுப்பெரித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கணவனின் பாஸ் வருமா என்று இரவெல்லாம் விழித்திருக்கும் நம் சகோதரிகளே! உங்கள் கஷ்டம் அல்லாஹ்விடத்தில் வீணாவதில்லை.

ஜமாஅத்தாரே! ஒரு குழந்தையின் பொறுப்பை ஏற்க அன்று மூவர் போட்டியிட்டார்கள். இன்று ஒரு குடும்பம் தாளில்லாமல் தவிக்கும்போது நம்மில் எத்தனை பேர் போட்டியிடுகிறோம்? விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரிந்தவர் ஓர் இஷா தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் உட்காரலாம். மலாய் நன்கு பேசுபவர் இலாகாவுக்கு உடன் செல்லலாம். சட்டம் அறிந்தவர் தவணை கடந்துவிட்டவருக்கு நேர்வழி எது என்று எடுத்துச் சொல்லலாம். தவணை கடந்தவரைக் காட்டிக் கொடுப்பதாக மிரட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது பெரும் பாவம். அவரும் ஒளிந்து வாழ எண்ண வேண்டாம். ஒளிந்து வாழ்பவரின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அஞ்சி வளரும்.

எல்லா முயற்சிக்கும் பிறகும் அனுமதி மறுக்கப்பட்டால்? அப்போது மக்காவை விட்டு நடந்த பெருமானாரின் பாதங்களை நினைவுகூருங்கள். புறப்படுவது தோல்வியன்று. ரிஸ்கு எந்த இலாகாவின் கையிலும் இல்லை. அது ரஸ்ஸாக்கின் கையில் இருக்கிறது. தவணைக்குக் கட்டுப்பட்டு அந்த நகரத்தை விட்டுச் சென்றவர்களையே அடுத்த ஆண்டு அல்லாஹ் வெற்றியோடு உள்ளே அழைத்து வந்தான்.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் அலமாரியைத் திறந்து, எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பாஸையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். பின்னர் கையேந்துங்கள்.

யா அல்லாஹ்! அந்நிய நாட்டில் வாழும் எங்கள் குடும்பங்களைச் சேர்த்து வைப்பாயாக! வாக்கைக் காப்பவர்களாகவும், தவணையை மறவாதவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக! எங்கள் கடைசித் தவணை வரும்போது ஈமானோடு எங்களை அழைத்துக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.