அட்டையில் துளையிடும் கை

2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்ட ஒரு செய்தி, படித்தவர்களை எளிதில் விடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, கொடூரமான எழுத்துகளை இனம்பிரிக்கும் வேலையை இடைநிறுவனம் ஒன்றின் வழியாகக் கென்யாவுக்கு அனுப்பியிருந்தது. குழந்தைகள் மீதான வன்கொடுமை, கொலை, சித்திரவதை என்று பத்தி பத்தியாகப் படித்து, இது இன்ன வகை என்று குறி போட வேண்டும். கைக்கு வந்த கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு. அந்தக் குறிகளைக் கொண்டுதான் இயந்திரம் நாகரிகமாகப் பேசப் பழகியது. பழக்கியவர்களில் சிலரைப் படித்த காட்சிகள் விடாமல் துரத்தின. அதே ஆண்டு மே 1 அன்று, இத்தகைய வேலை செய்யும் 150-க்கும் மேற்பட்டோர் நைரோபியில் கூடிச் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள்.

ஏழை நாட்டுக்கு வேலை போயிற்றே, அது நன்மைதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேலையைக் கொடுத்து வித்தையை மறைப்பது அறமாகாது. ஆப்பிரிக்க ஊர்களுக்கு ரோபோவும் இயந்திரக் கற்றலும் போகுமானால், அவற்றை ஆக்கும் அறிவோடுதான் போக வேண்டும். இதில் தயங்குவதற்கு இடமே இல்லை.

வேலை வேறு, வித்தை வேறு என்பதற்கான சான்று காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியின் தலைக்கு மேலேயே தொங்குகிறது. முன்பு 'அடை' என்னும் முறையில், எந்த இழையை எப்போது தூக்குவது என்பது நெசவாளர் கட்டிய நூல் முடிச்சுகளிலும் குடும்பத்தின் நினைவிலும் இருந்தது. ஜக்கார்டு கருவி வந்ததும் அந்த நினைவு அட்டைக்கு இடம் மாறியது. துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் கிடக்கும். 1804-இல் பிரான்சின் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்குத் துளையட்டைகளை எண்ணிப் பார்த்தார். கணினியின் பாட்டன் இன்றும் பிள்ளையார்பாளையத்து வீடுகளில் கடகடத்துக்கொண்டிருக்கிறான். அட்டையில் துளையிடத் தெரிந்தவர் யாளிக்கும் அன்னப்பட்சிக்கும் எஜமானர். தெரியாதவர் மிதியை மிதிப்பார். முந்தானையில் மலர்வது இன்னொருவரின் எண்ணம்.

கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையின் கதை இதைவிடக் கசப்பானது. அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் ஒரு சிறுவனுடையதாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பட்டுத் தொழிலில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. அந்தப் பிள்ளைகளும் 'வேலை பெற்றவர்கள்'தாம். கரை அவர்கள் கையால் ஏறியது. நைரோபியில் குறி போட்ட இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு கடல்தான் இருக்கிறது.

நன்னூலில் பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவர்களை எதனோடெல்லாம் ஒப்பிடுகிறார் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பருத்தி அடைத்த குறுவாய்க் குடம்போலச் சிறுகச் சிறுகத் தருபவர் ஒருவர். யாரும் ஏற முடியாத மடற்பனைபோலத் தானாக விழுந்ததை மட்டும் பொறுக்க விடுபவர் இன்னொருவர். நீர் ஊற்றியவன் வீட்டை விட்டு அடுத்தவன் முற்றத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு இன்னொருவர். இன்றைய பெருநிறுவனங்களில் இந்த மூவரையும் பார்க்கலாம். கென்யா நீர் ஊற்றுகிறது. காய் கலிபோர்னியாவில் விழுகிறது.

இதற்கு மாறான நெறியும் காஞ்சியிலேயே இருக்கிறது. இவ்வூரை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது ஓர் ஆற்றுப்படை. பரிசு பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். தொல்காப்பியர் வகுத்த இலக்கணமும் அதுவே: பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்த வேண்டும். பெற்றதை மறைத்து வைத்த பாணனுக்குத் தமிழில் ஒரு நூல்கூட இல்லை.

சென்னை ஐ.ஐ.டி. அப்படிப் பெற்ற நிறுவனம். 1956-இல் மேற்கு ஜெர்மனி உதவ முன்வந்தது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கருவிகள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள், நம்மவர்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். அந்த நிறுவனம் 2023 ஜூலை 5 அன்று ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் வளாகம் அமைக்க ஒப்பந்தம் செய்தது. ஐ.ஐ.டி.களில் வெளிநாட்டில் திறக்கப்பட்ட முதல் வளாகம் அது. எடுத்த எடுப்பிலேயே அங்கே வைத்த படிப்பு தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும். தொடக்கத்தில் பொறுப்பேற்ற பேராசிரியர் பிரீத்தி அகாலாயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். தமிழ் மண்ணிலிருந்து கடல் கடந்து சென்ற நல்ல செயல்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

வள்ளுவர் ஒப்புரவை ஊருணி நிறைவதோடு ஒப்பிட்டார். கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே என்றார். தமக்கு இன்பம் தந்த கல்வியால் உலகமும் இன்புறுவதைக் கண்டு அறிஞர் மேலும் கற்க விரும்புவர் என்றார். கணியன் பூங்குன்றனாருக்கோ எல்லா ஊரும் ஒன்றே. மணிமேகலையில் ஆபுத்திரன், உண்பார் எவருமில்லாத தீவில் அமுதசுரபியோடு தனித்து விடப்பட்டபோது, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உயிரையும் விட்டான். கொடுக்க முடியாத அட்சயபாத்திரம் அவனுக்குச் சுமையாகிவிட்டது. பின்னாளில் அதே பாத்திரம் மணிமேகலை கையில் காஞ்சிக்கு வந்து இவ்வூரின் பசியைத் தீர்த்தது.

ஆப்பிரிக்கர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் தொடங்கிய ஆப்பிரிக்க ரோபோட்டிக்ஸ் வலையமைப்பு, 10 டாலருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ரோபோ செய்யச் சொல்லிப் போட்டி வைத்தது. பரிசு பெற்றவற்றுள் ஒன்று, வீடியோ விளையாட்டின் கைப்பிடியைப் பிரித்து, எடைக்குக் குச்சி மிட்டாய் செருகிச் செய்தது. 2017-இல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரக் கற்றலுக்கான 'டீப் லேர்னிங் இண்டாபா' கூடியது. இண்டாபா என்றால் ஜூலு மொழியில் ஊர்க்கூட்டம். 'மசகானே' என்ற குழுவினர் தங்கள் மொழிகளுக்குத் தாங்களே மொழிபெயர்ப்புக் கருவிகளைச் செய்கிறார்கள்.

வீட்டுப் பிள்ளை பசித்திருக்க ஊருக்குச் சோறிடலாமா என்பது மறுதரப்பு. நியாயம்தான். காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கி மேலக்கோட்டையூரில் நிற்கும் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். என்னும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் வகுப்புகளில் தறிக்காரர் பிள்ளைகள் இன்னும் பலர் உட்கார வேண்டும். ஆனால் கல்வி சோறு போன்றதன்று. அங்கே பரிமாறினால் இங்கே குறைந்துவிடாது.

காஞ்சியின் கடிகை என்னும் கல்விச்சாலை ஒரு காலத்தில் தூரதேசத்து மாணவர்களை ஈர்த்தது. அப்படிக் கற்க வந்த மயூரசர்மன் இந்நகரில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனால் அவமதிக்கப்பட்டு, ஏட்டைக் கீழே வைத்து வாளை எடுத்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. கடம்ப அரசு அந்தச் சினத்தில் பிறந்தது. ஆகவே சான்சிபாரில் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வருகிறவரை நடத்தும் விதமும் முக்கியம். சென்னையில் ஜெர்மானியப் பேராசிரியர்கள் ஊர் திரும்பியபோது, அவர்கள் நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். சான்சிபாரின் நாற்காலிகளை எந்த ஆண்டுக்குள் அந்த ஊர்க்காரர்களிடம் ஒப்படைப்பது என்பதைச் சென்னை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.