வழியை ஒளித்தவரின் கடன்

ஒருவரை வேண்டுமென்றே வழிதவற வைப்பது நியாயமா? மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. விடை தேடிப் போனபோது, வீட்டுக் கணினிகளில் வந்த ஆரம்பகால சாகச விளையாட்டுகளிடம் போய் நின்றேன்.

வில் கிரவுதர் அமெரிக்காவின் கென்டக்கியில் குகைகளுக்குள் இறங்கி, அளந்து, வரைபடம் போட்டவர். அந்தக் குகையை மனதில் வைத்து 1970களின் நடுவில் பிடிபி-10 என்ற பெரிய கணினியில் அவர் எழுதிய விளையாட்டுதான் ‘அட்வென்ச்சர்’. 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். 1979இல் மைக்ரோசாஃப்ட் அதை டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. படமே கிடையாது, எல்லாம் எழுத்து.

அதில் ஒரு புதிர்ப்பாதை உண்டு. எந்த அறைக்குள் போனாலும் அதே வர்ணனை. வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்ற உத்தரவாதமும் இல்லை. தப்பிக்க ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. கையில் இருப்பதை அறைக்கு ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டே போவது. சாவி கிடந்தால் இந்த அறை, கூண்டு கிடந்தால் அந்த அறை. கொஞ்ச நேரத்தில் தாளில் ஒரு வரைபடம் எழுந்துவிடும்.

1980இல் வீட்டுக் கணினிகளுக்கு வந்த ‘ஸோர்க்’ இதிலும் கை வைத்தது. அதில் ஒரு திருடன் அலைகிறான். அடையாளத்துக்குப் போட்ட பொருளை எடுத்து வேறு எங்காவது போட்டுவிடுவான். அட, இது அயோக்கியத்தனம் இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடன் இருப்பது ஆட்டக்காரருக்குத் தெரியும். அவனை ஜெயிக்கவும் முடியும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், செயலியின் மாதச் சந்தாவை நிறுத்தும் பொத்தானை நான்கு திரைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். ‘நாம என்ன பொய்யா சொல்றோம்? பொத்தான் இருக்குல்ல, தேடட்டும்’ என்றார் மேலாளர். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உண்மைதானே, கிரவுதரும் வுட்ஸும்கூட வழியை ஒளித்தவர்கள்தானே? வேறொருவர் அதை எழுதிக் கொடுத்தார்.

விளையாட வருகிறவர் தொலைவதற்கென்றே வருகிறார், சந்தாதாரர் அப்படி வரவில்லை என்று சொல்லலாம். சரிதான், ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி, ஒளித்தவர் எதை விரும்புகிறார் என்பதில் இருக்கிறது. புதிர்ப்பாதையில் ஒருவர்கூட வழி கண்டுபிடிக்காவிட்டால் அதை எழுதியவர் தோற்றுப்போகிறார். அந்தச் செயலியிலோ, எல்லோரும் வழி கண்டுபிடித்துவிட்டால்தான் எழுதியவர்கள் தோற்கிறார்கள். தேடுகிறவர் சலித்துப்போய் ‘போகட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று மூடிவைக்கும் அந்த நொடிக்காகவே அந்த நான்கு திரைகளும் காத்திருக்கின்றன.

வழியை ஒளிக்கிற எவருக்கும் ஒரு கடன் இருக்கிறது: தேடுகிறவர் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளூர விரும்புவது.