அவர்கள் மனசு நமக்கு எதற்கு?

நூல்மில் புரோக்கர் எங்க வளவுக்குத்தான் முதலில் வருவார். இராசிபுரம் பக்கத்தில் பலருக்கும் இது தெரியும். மூணு வருசம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம். தாலிக்கு ஆச்சு என்பார். சுமங்கலித் திட்டம் என்று பேர். பொண்ணு உழைத்த கூலியைப் பிடித்து வைத்து, அதையே சீதனம் மாதிரி நீட்டுகிற தந்திரம்.

2011இல் நெதர்லாந்தின் சோமோ நிறுவனம் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் பேர் சந்திக்கு வந்தது. அவர்கள் நடத்தை விதிகளை நீட்டினார்கள், ஆடிட் அனுப்பினார்கள். மில்காரர்கள் திட்டத்தின் பேரை மாற்றினார்கள். ஒரு மில்லிலிருந்து திரும்பிய பொண்ணு சொன்னாள்: "ஆடிட்காரங்க வந்த அன்னிக்கு மட்டும் கொழம்புல காய் கெடந்துச்சுக்கா. கேட்டா என்ன சொல்லணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க."

வியாபாரம் போய்விடுமே என்று பயந்து செய்கிற நல்லது நல்லதுதானா? 'அவன் மனசு மாறலையே' என்று தோழர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அவன் மனசு வேண்டாம். குளம் எல்லோருக்கும் பொது என்று மகாடு நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான சனங்களும் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். யார் மனசும் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை.

2021 சனவரியில், திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம் கையெழுத்துப் போட்டது. பிறகு கேப்பும் பி.வி.எச்சும் போட்டன. பெண் என்றும் சாதி சொல்லியும் ஒதுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கண்காணிக்கிற பொறுப்பு தொழிலாளிப் பெண்களுக்கும் கிடைத்தது. தொழிற்சாலை மீறினால், வாங்குகிற கம்பெனி அதன் வியாபாரத்தில் கைவைத்தாக வேண்டும் என்றும் அதில் இருந்தது.

நடத்தை விதி அவனே எழுதி அவனே திருத்துவது, அது கருணை. ஒப்பந்தத்தில் நம்ம கையெழுத்தும் இருக்கிறது; அதை மீறினால் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. அதனால் 'ஆர்டரை நிறுத்து' என்று மட்டும் கத்தினால் போதாது. ஆர்டர் போனால் முதலில் அணைவது எங்க வளவு அடுப்புதான். 'ஓடாதே, உட்கார்ந்து கையெழுத்துப் போடு' என்று கேட்க வேண்டும்.

அந்தப் பொண்ணு கேட்டாள்: "நம்ம பக்கத்து மில்லுக்கு அது எப்பக்கா வரும்?"

தானா வராது அம்மிணி. சங்கம் வெச்சாத்தான் வரும்.