எறிந்தவன் யார்?

ஒருவன் பேசுகிறான், முகமறியாத வேறொருவன் கொலை செய்கிறான். அந்தப் பாவத்தில் பேசியவனுக்கும் பங்கு உண்டா? இவ்வினாவை ஆராய, சிகாகோ நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி பெரிதும் உதவும்.

1886-ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை வேண்டிப் போராடி வந்தனர். மே 3-ஆம் நாள் மக்கார்மிக் தொழிற்சாலையருகே காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் பகுதியில் கூட்டம் நடந்தது. நகர மேயரே வந்து கேட்டு, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று வீடு திரும்பினார். கூட்டம் முடியும் தறுவாயில் காவலர் அணி வந்து கலையுமாறு ஆணையிட்டது. அப்போது வெடிகுண்டு ஒன்று அவர்கள் நடுவே விழுந்தது. குண்டினாலும், அதைத் தொடர்ந்த இருட்டுத் துப்பாக்கிச் சூட்டினாலும் காவலர் எழுவர் உயிரிழந்தனர். பொதுமக்களிலும் சிலர் மாண்டனர்.

எறிந்தவன் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. குண்டு விழுந்த நேரத்தில் அவர்களுள் பெரும்பாலோர் அங்கில்லை. அவர்களுடைய பேச்சும் எழுத்துமே கொலையைத் தூண்டின என்பது அரசுத் தரப்பின் வாதம். 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். முந்தைய நாளே ஒருவர் சிறையில் தம்மை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார். எறிந்தவனையே அறியாதபோது, அவன் யாருடைய சொல்லைக் கேட்டான் என்று எப்படி அறிவது? அவர் எடுத்துக்காட்டிய இக்குறைக்கு விடையில்லை. சட்டத்தின் முன் அவர்கள் தண்டனைக்குரியவர் அல்லர்.

ஆனால் மனச்சான்றின் கணக்கு வேறு. அவ்வியக்கத்தின் ஏடுகள் வெடிமருந்தை ஏழையின் ஆயுதமென்று புகழ்ந்து வந்தன. குண்டு விழாமலே போயிருந்தாலும் அச்சொல்லின் மாசு குறைந்திருக்காது. ஏனெனில், வினை வாக்கிலும் உண்டு. விளைவு தெரிந்தால்தான் குற்றம் என்பது நீதிமன்றத்துக்குரிய நெறி. தன்னை ஆராய்பவனுக்கு அது போதாது.

இதே அளவுகோலை மறுபுறமும் வைத்துப் பார்க்க வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே தூக்கு, தூக்கு என்று முழங்கிய பெரும் பத்திரிகைகள் அந்நகரில் இருந்தன. அவர்கள் கேட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. மரியாதைக்குரிய அந்த ஆசிரியர்களை எவரும் கூண்டில் ஏற்றவில்லை.

மாண்ட காவலர்களுக்கு 1889-இல் ஒரு சிலை எழுப்பப்பட்டது. 1969-இலும் 1970-இலும் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.