களத்தில் கிடப்பது யாருடையது?

மண்ணச்சநல்லூர் பொன்னி தெரிந்தவர்களுக்கு ரைஸ் மில் களமும் தெரிந்திருக்கும். அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள். ஒரு ரகத்தை வாரியதும் களத்தைப் பெருக்கினால்தான் அடுத்த ரகத்தைக் கொட்டலாம். இல்லாவிட்டால் ரெண்டும் கலந்துபோகும்.

அங்கிருந்து கொள்ளிடமும் காவிரியும் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடிப் பக்கம் போனால் என்.ஐ.டி. 2022 மே மாதம் அங்கே 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இயங்க ஆரம்பித்தது. உச்ச வேகம் விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் ஒரே பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பல கம்ப்யூட்டர்களைக் கோத்த கூட்டம். அதுவும் ஒரு பொதுக் களம்தான். ஒருவர் கொடுக்கும் வேலை துண்டு துண்டாகப் பல கம்ப்யூட்டர்களில் ஓடும். நடுவில் பாதிக் கணக்குகளைத் தற்காலிக ஃபைல்களில் எழுதிக்கொள்ளும். முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

அழிக்காவிட்டால்? அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை சார். விடை வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். வரிசையில் காத்திருந்த முகம் தெரியாத இன்னொருவரின் வேலைதான், இடமில்லை என்று நடுவழியில் நின்றுபோகும்.

நிர்வாகமே பெருக்கட்டுமே என்பீர்கள். காமர்ஸ் படித்த எனக்கு இந்த வாதம் பிடிக்கும். செலவை ஒரே தலைப்பில் எழுதிவிடலாம். ஆனால் 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது தெரியுமா? பத்து நாளைத் தாண்டிய பழைய பதிவு ஃபைல்களை அழிக்கும் புரோகிராம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய வடிவத்தை அதன் மேல் போட்டுவிட்டார்கள். அது ஆராய்ச்சி ஃபைல்களில் கை வைத்துவிட்டது. சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் காலி. 14 ஆய்வுக் குழுக்கள் அடிபட்டன. 4 குழுக்களின் ஃபைல்களை மீட்க வழியே இல்லை.

களத்தைப் பெருக்குகிற அம்மாவுக்குப் பதர் எது, நெல் எது என்று பார்த்ததும் தெரியும். ஃபைல் அப்படியா? எழுதியவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் எழுதியவரே அழிக்கட்டும். சரி, அவர் வேலை பாதியில் செத்துப்போனால்? கேட்டு வாங்கிய நேரம் தீர்ந்தால் சிஸ்டம் நிறுத்திவிடும். கடைசி வரியில் எழுதிவைத்த 'அழி' கட்டளைவரை அது போய்ச் சேர்வதே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தவர் வீட்டு பீரோவைத் திறந்திருக்கிறீர்களா? கரண்ட் பில் ரசீதும் நிலப் பத்திரமும் ஒரே மஞ்சள் பையில் கிடக்கும். எதைக் கிழிப்பது?

அனுபவப்பட்டவர்கள் வேலை ஆரம்பிக்கும்போதே அதன் எண்ணைப் பெயராக வைத்து ஒரு தனி ஃபோல்டர் போடுகிறார்கள். தற்காலிகமானதெல்லாம் அதற்குள். பின்னால் பெருக்க வருகிறவர் அந்த எண்ணுள்ள வேலை நின்றுவிட்டதா என்று பார்ப்பார். நின்றிருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் தூக்கிப் போடுவார். பக்கத்து ஃபோல்டரைத் தொடவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.